பூட்டின ரூமுக்குள்ள எது பசுமை? யாங்கூன் ஸ்டோரேஜ் பத்தி ஒரு நேயர் கேள்வி



பழைய கேட்ஜெட்டுகளைப் பத்தி நாம பேசின எபிசோடுக்கு வந்த கடிதங்கள்ல ஒண்ணு யாங்கூன்ல இருந்து. எழுதினவர் வேலைக்காக வெளிநாடு கிளம்பறார். அம்மாவும் அப்பாவும் சின்ன வீட்டுக்கு மாறிட்டாங்க. மிச்சம் இருக்கறது ஒரு மேஜை, ரெண்டு லேப்டாப், ஒரு இன்வர்ட்டர் பேட்டரி, எட்டு அட்டைப்பெட்டி. வாடகைக்கு ஒரு ஸ்டோரேஜ் ரூம் எடுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்னு யோசனை. அவர் பார்த்த இடம் தன்னை ‘பசுமையான சேமிப்பு’ன்னு சொல்லிக்குது. அவரோட கேள்வி: “இது நிஜமா, இல்ல வெறும் பச்சைப் பெயின்ட்டா? எப்படிக் கண்டுபிடிக்கறது?”

எபிசோட்ல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டு ஓடிட்டோம். இங்க கொஞ்சம் உட்கார்ந்து எழுதறேன். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: பல்பு, பெட்டி, பேப்பர் பில் எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனா முக்கியமான கேள்வி ஒண்ணே ஒண்ணு. உள்ள போன பொருள் எப்போ, எந்த வழியா, யார் கைக்கு வெளிய வருது? அதுக்குப் பதில் இல்லாத ஸ்டோரேஜ், வாடகை வசூலிக்கற குப்பைக்கிடங்கு ஆகிடும்.

முதல்ல, கட்டடம்

செல்ஃப் ஸ்டோரேஜ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு பெரிய கட்டடத்தைச் சின்னச் சின்ன ரூமா தடுத்து, மாச வாடகைக்கு விடுவாங்க. பூட்டும் சாவியும் உங்களோடது. இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச வடிவத்துல இது 1964-ல, அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்தின் ஒடெஸா ஊர்ல தொடங்கினதா சொல்றாங்க. இப்போ லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர்னு எங்க போனாலும் இருக்கு.

இந்தத் தொழில் ரொம்ப மின்சாரம் தின்னாது. ஆள் நடமாட்டம் கம்மி. சென்சார் வச்ச எல்.இ.டி. விளக்கு, கூரை மேல சோலார், முடிஞ்சா புதுசா கட்டாம பழைய கட்டடத்தையே மாத்திக்கறது. இந்த மூணும் பண்ணிட்டா லண்டன்ல பாதி வேலை முடிஞ்சது. யாங்கூன்ல அப்படி இல்ல. காரணம் ரெண்டு: ஈரம், மின்வெட்டு.

யாங்கூன்ல வருஷத்துக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை. சென்னையில சுமார் 1,400. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுவும் பெரும்பாலும் மே கடைசியில இருந்து அக்டோபருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அந்த மாசங்கள்ல காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலயே நிக்கும். தொடர்ந்து 65-70 சதவீதத்தைத் தாண்டினாலே துணி, தோல், புத்தகம், மரம் எல்லாத்துலயும் பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும். அதனால ‘ஏ.சி. போட்ட ரூம்’னு சொன்னதும் நாம நிம்மதி ஆகிடறோம். இங்கதான் ஒரு சின்ன இயற்பியல் இருக்கு.

வெளிய 30 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம்னு வைங்க. அந்தக் காத்து 27 டிகிரிக்கும் கீழ குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் தண்ணியா படியும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் மேல முத்து முத்தா வேர்க்குதே, அதேதான். ரூமை 24 டிகிரியில வச்சிருக்காங்க. கரன்ட் போயிடுது. கதவிடுக்கு வழியா வெளிக்காத்து உள்ள வருது. சில்லுன்னு இருக்கற உங்க லேப்டாப், இரும்பு அலமாரி மேல அது படியுது. கரன்ட் திரும்ப வருது, குளிருது, மறுபடி போகுது. ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே நடந்தா சர்க்யூட் போர்டு என்ன ஆகும்?

2021-க்கு அப்புறம் யாங்கூன்ல சுழற்சி முறை மின்வெட்டு அன்றாட வாழ்க்கை ஆகிடுச்சு. ஒரு நாள்ல பல மணி நேரம் கரன்ட் இருக்காது. கடை வாசல்ல டீசல் ஜெனரேட்டர் சத்தம். அந்த ஊர்ல ஏ.சி.யை நம்பி ஒரு ஸ்டோரேஜ் நடத்தினா, ஒண்ணு டீசலைக் குடிக்கணும், இல்ல பொருளை நனைக்கணும். இதுக்குப் பதிலா காத்துப் புகாம இடுக்கை அடைச்ச ரூம், ஈரத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கற டீஹியூமிடிஃபையர், தரையில இருந்து தூக்கி வச்ச மரப்பலகை. ரூம் குளிரா இருக்கணும்னு அவசியமே இல்ல, உலர்வா இருந்தா போதும். டீஹியூமிடிஃபையர் ரூமைச் சூடாக்காதான்னு கேட்பீங்க. கொஞ்சம் சூடாக்கும்தான். ஆனா காத்துல இருக்கற தண்ணி அளவு மாறாம சூடு மட்டும் கூடினா ஈரப்பத சதவீதம் இறங்கும். அதனால இங்க அதுவும் நல்லதுதான். பொருள் வெளிக்காத்தை விடக் குளிராம இருக்கறதால, கரன்ட் போனாலும் உடனே தண்ணி படியாது.

ஆக, ஸ்டோரேஜ்காரர்கிட்ட “எத்தனை டிகிரி?”ன்னு கேட்காதீங்க. “ஈரப்பதம் எத்தனை சதவீதம்? போன ஜூலை மாச ரீடிங் இருக்கா?”ன்னு கேளுங்க. 60-க்குக் கீழ வச்சிருந்தா நல்ல இடம். மீட்டரே இல்லைன்னா, அவங்க சொல்ற பசுமையை நானா இருந்தா நம்ப மாட்டேன். ஏன்னா பூஞ்சை பிடிச்ச பொருளை யாரும் திரும்ப வாங்க மாட்டாங்க, ரிப்பேரும் பண்ண மாட்டாங்க. நல்லா இருந்த ஒரு பொருளைக் குப்பையா மாத்தறதுதான் ஒரு ஸ்டோரேஜ் செய்யக்கூடிய மிகப் பெரிய சுற்றுச்சூழல் தப்பு.

அடுத்து, பெட்டி

‘எங்க அட்டைப்பெட்டி நூறு சதவீதம் ரீசைக்கிள் ஆகும்’னு பெருமையா போட்டிருப்பாங்க. உண்மைதான். ஆனா காகித நாரை ஒவ்வொரு தடவை கூழாக்கும்போதும் அது கொஞ்சம் குட்டையாகிட்டே போகும். அஞ்சுல இருந்து ஏழு தடவை வரைக்கும் தாங்கும்னு பொதுவா சொல்றாங்க. கூழாக்கத் தண்ணியும் கரன்ட்டும் வேற வேணும். அதனால ஒரே பெட்டியைப் பத்துப் பேர் மாத்தி மாத்தி உபயோகிக்கறது, பத்துப் பெட்டியை ரீசைக்கிள் பண்றதை விட எப்பவும் மேல். காலி பண்ணிட்டுப் போறவங்க பெட்டியை வாங்கி, புதுசா வர்றவங்களுக்குக் கொடுக்கற ஒரு மூலை அந்தக் கட்டடத்துல இருக்கான்னு பாருங்க.

யாங்கூன் மழைக்கு அட்டையை விட மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா தேவலை. ஒரு நிபந்தனை: அதை வருஷக்கணக்கா உபயோகிக்கணும். உள்ள சிலிக்கா ஜெல் பையைப் போடுங்க. நிறையப் பேர் அதை ஒரு தடவை போட்டுட்டுத் தூக்கி எறியறாங்க. நிறம் மாறற வகை மணியா வாங்கி, ஈரம் ஏறினதும் அடுப்புல லேசா சூடாக்கினா மறுபடி வேலை செய்யும். பபிள் ராப் வேணாம். பழைய லுங்கியும் பெட்ஷீட்டும் போதும்.

இப்போ, உள்ள இருக்கற பொருள்

2022-ல ஆறு ஐரோப்பிய நாடுகள்ல 8,775 வீடுகள்ல ஒரு ஆய்வு பண்ணாங்க. சராசரியா ஒரு வீட்ல 74 மின்சார, மின்னணுப் பொருள். அதுல 13 சும்மா கிடக்குது. அந்த 13-ல ஒன்பது நல்லா வேலை செய்யற பொருள்! ஏன் வச்சிருக்கீங்கன்னு கேட்டா முதல் காரணம், ‘பின்னாடி உதவும்’. நம்ம வீட்ல அம்மா சொல்ற அதே வசனம்.

உலக அளவுல 2022-ல மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவாச்சு. முறையா சேகரிச்சு ரீசைக்கிள் பண்ணதா பதிவானது 22.3 சதவீதம்தான். மிச்சத்துல ஒரு பங்கு இழுப்பறையில தூங்குது. ஸ்டோரேஜ் ரூம்ங்கறது வாடகை கட்டற பெரிய இழுப்பறை.

தூங்கினா என்ன தப்பு? மேஜை தூங்கலாம். பித்தளைப் பாத்திரம் தூங்கலாம். மின்னணுப் பொருளுக்கு மட்டும் உள்ள ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு. இன்னிக்கு அந்த லேப்டாப்பை ஒரு ஸ்டூடன்ட் உபயோகிக்கலாம். நாலு வருஷம் கழிச்சு சாஃப்ட்வேர் அப்டேட் நின்னிருக்கும், பேட்டரி செத்திருக்கும், ஸ்பேர் பார்ட் கிடைக்காது. அப்புறம் அது கிலோ கணக்குலதான் போகும். லித்தியம் பேட்டரி வெயில்ல, முழு சார்ஜோட கிடந்தா சீக்கிரம் கெடும். முழுசா காலியாகிக் கிடந்தா இன்னும் மோசம், திரும்ப சார்ஜ் போடறதே ஆபத்து. உப்பிப் போன ஒரு பேட்டரி தீப்பிடிச்சா, மெல்லிசா தடுத்த ரூம்கள்ல பக்கத்து வீட்டுக்காரர் சாமானும் சேர்ந்து எரியும். அதனாலதான் கவனமான ஸ்டோரேஜ்காரங்க தனி பேட்டரிகளை உள்ளயே விட மாட்டாங்க. அப்படி மறுத்தா கோவிச்சுக்காதீங்க, அது நல்ல அறிகுறி.

வெளிய போனா எங்க போகும்?

யாங்கூனுக்குத் தூக்கிப் போடற கலாச்சாரம் கிடையாது. ஜப்பான்ல ஓடி முடிச்ச கார்கள் இன்னும் அந்த ஊர் ரோட்டுல ஓடுது. 1970-ல இருந்து வண்டிகள் ரோட்டுக்கு வலப்பக்கமா போற நாட்டுல, வலப்பக்கமே ஸ்டீயரிங் வச்ச ஜப்பான் கார்கள்! பழைய பாட்டில், பேப்பர், இரும்பை வீட்டு வாசல்லயே எடை போட்டு வாங்கிட்டுப் போறவங்க தெருத்தெருவா வருவாங்க. சென்னையில காயலான் கடை, சிங்கப்பூர்ல கரங்குனி மாதிரிதான். அங்க எடைக்கணக்கு ‘பெய்க்தா’, சுமார் 1.63 கிலோ. அதையே இங்கிலீஷ்ல ‘விஸ்’னு எழுதுவாங்க. அந்தச் சொல்லோட மூலம் நம்ம ‘வீசை’. பர்மாவுல நடந்த வியாபாரத்துல நம்ம ஊர் எடைக்கல்லும் இருந்ததுக்கு இது ஒரு தடயம்.

இந்தக் கைகள் எடுக்காததுதான் நகராட்சி லாரிக்குப் போகும். யாங்கூன்ல ஒரு நாளைக்கு 2,000 டன்னுக்கு மேல குப்பை. 2017-ல ஜப்பான் தொழில்நுட்பத்தோட ஷ்வேபியிதா பகுதியில குப்பையை எரிச்சு மின்சாரம் எடுக்கற ஆலை ஒண்ணு திறந்தாங்க. அதோட கொள்ளளவு நாளைக்கு 60 டன். கணக்கு நீங்களே போட்டுக்கலாம். மிச்சம் எல்லாம் திறந்தவெளிக் கிடங்குகளுக்குத்தான்.

அந்தக் கிடங்குகள்ல பெரியது, லைங் தாயா பகுதியில இருக்கற தெய்ன் பின். 2018 ஏப்ரல் 21-ல அது தீப்பிடிச்சுது. குப்பைக்கு அடியில மக்கற பொருள்ல இருந்து மீத்தேன் வாயு வந்துக்கிட்டே இருக்கும். மேல தண்ணி அடிச்சா மேல்தட்டு அணையும், அடியில தணல் இருக்கும். ரெண்டு வாரம் கிட்ட போராடினாங்க. பிளாஸ்டிக் எரிஞ்ச புகை ஊருக்குள்ள பரவி, மக்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

இது அவங்க ஊர்க் குப்பை மட்டும்னு நினைக்காதீங்க. 2018-ல சீனா வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடினதும், அது தென்கிழக்கு ஆசியா பக்கம் திரும்புச்சு. ஷ்வேபியிதாவுல வீடுகளுக்கு நடுவுல மேற்கத்திய நாடுகளோட பிளாஸ்டிக் கவர்கள் குவிஞ்சு கிடக்கறதை, 2023-ல பத்திரிகையாளர்கள் பலர் சேர்ந்து பண்ண ஒரு புலனாய்வு வெளிய கொண்டு வந்துச்சு. டொராண்டோவுலயோ லண்டன்லயோ நாம நீலத் தொட்டியில போட்டுட்டு ‘ரீசைக்கிள் ஆயிடுச்சு’ன்னு கை தட்டிட்டுப் போறோமே, அந்த மாதிரித் தொட்டிகள்ல இருந்து கிளம்பினதும் அதுல இருக்கலாம்.

நேயரோட பட்டியல்ல எனக்கு ரொம்பக் கவலை தந்தது லேப்டாப் இல்ல, இன்வர்ட்டர் பேட்டரி. மின்வெட்டு இருக்கற ஊர்கள்ல இந்த ஈய-அமில பேட்டரி வீட்டுக்கு வீடு இருக்கும். முறையான ஆலையில இதைப் போல அழகா ரீசைக்கிள் ஆகற பொருள் குறைவு, ஈயம் கிட்டத்தட்ட முழுசா திரும்பக் கிடைக்கும். ஆனா கொல்லைப்புறத்துல கோடாலியால உடைச்சு, அமிலத்தை மண்ணுல ஊத்தி, ஈயத்தைத் திறந்த அடுப்புல உருக்கினா அந்தத் தூசி அக்கம்பக்கத்துக் குழந்தைங்க ரத்தத்துல ஏறும். 2020-ல யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடிக் குழந்தைங்க வரைக்கும், ரத்தத்துல ஈயம் கவலைப்பட வேண்டிய அளவுல இருக்கு. முறையில்லாத பேட்டரி உடைப்பு அதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. அதனால புது பேட்டரி விக்கற கடையே பழசைத் திரும்ப எடுத்துக்குதா, அங்க இருந்து அது எங்க போகுதுன்னு கேட்டுட்டுக் கொடுங்க. விலை கொஞ்சம் கம்மியா கிடைச்சாலும் பரவாயில்ல.

சொந்தக்காரர் திரும்பி வராத ரூம்

ஸ்டோரேஜ் தொழிலோட தர்மசங்கடம் இது. சில பேர் வாடகை கட்டறதை நிறுத்திடுவாங்க, போன் எடுக்க மாட்டாங்க. அமெரிக்காவுல அந்த ரூமை ஏலம் விடுவாங்க, அதையே டி.வி. ஷோவா எடுத்துக் காசும் பார்த்தாங்க. ஏலம் எடுத்தவர் விக்கக் கூடியதை எடுத்துட்டு, மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்புவார்.

யாங்கூன்ல இந்தக் கேள்விக்கு வேற கனம் உண்டு. டெக்சஸ்ல செல்ஃப் ஸ்டோரேஜ் பிறந்ததா சொல்ற அதே 1964-ல, ரங்கூன்ல கடைகளை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. நம்ம ஆட்கள் லட்சக்கணக்குல கப்பலேறினாங்க. நகையைக்கூடக் கொண்டு போக முடியாம, கடையையும் வீட்டையும் அப்படியே விட்டுட்டுப் போனவங்க அவங்க. சென்னை பர்மா பஜார் 1969-ல அவங்களுக்காக உருவானதுதான். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்கு அப்புறமும், 2024 பிப்ரவரியில கட்டாய ராணுவச் சேவை அறிவிச்ச பிறகும், இன்னொரு தலைமுறை இளைஞர்கள் கிளம்பிட்டிருக்காங்க. எப்போ திரும்புவோம்னு யாருக்கும் தெரியாது. அவங்ககிட்ட போய் “சாமானைச் சேர்க்காதீங்க”ன்னு அறிவுரை சொல்ற தைரியம் எனக்கு இல்ல. திரும்பி வருவோம்ங்கற நம்பிக்கையைத்தான் அந்த ரூம்ல பூட்டி வைக்கறாங்க.

அதனாலதான் சொல்றேன், வெளியேறும் வழியை உள்ள வைக்கற அன்னிக்கே எழுதிடணும். நம்பிக்கையைச் சும்மா விட்டுடுங்க, லேப்டாப்புக்கு ஒரு தேதி வையுங்க.

ஸ்டோரேஜ்காரர்கிட்ட கேட்க வேண்டிய அஞ்சு கேள்வி

1. மழை மாசத்துல ஈரப்பதம் எவ்வளவு? எதுல அளக்கறீங்க?
2. கரன்ட் போனா எது ஓடும், எது நிக்கும்? டீசலா, சோலாரா?
3. பழைய பெட்டியைத் திரும்ப எடுத்துக்கறீங்களா?
4. பேட்டரிக்கு என்ன விதி?
5. வாடகை நின்னுபோன ரூம்ல இருக்கற சாமானை என்ன பண்றீங்க? யார்கிட்ட கொடுக்கறீங்க, அதுல இருக்கற டேட்டாவை யார் அழிக்கறாங்க?

அஞ்சாவதுக்குத் தெளிவான பதில் வந்தா மத்ததுல ரெண்டு மார்க் குறைஞ்சாலும் எடுத்துக்கலாம்.

பூட்டறதுக்கு முன்னாடி நீங்க பண்ண வேண்டியது

- லேப்டாப், போன் எதையும் ‘ஒருவேளை’க்காக வைக்காதீங்க. ஒரு வருஷத்துக்குள்ள எடுக்கப் போறதில்லைன்னா இன்னிக்கே தெரிஞ்ச ஸ்டூடன்ட்டுக்கோ ரிப்பேர் கடைக்கோ கொடுங்க.
- கொடுக்கறதுக்கு முன்னாடி டேட்டாவை அழிங்க. இப்போ வர்ற போன்கள்ல தகவல் ஏற்கெனவே பூட்டின வடிவத்துலதான் இருக்கு. அக்கவுன்ட்ல இருந்து வெளியேறி ஃபேக்டரி ரீசெட் போட்டா அந்தச் சாவி அழிஞ்சுடும். பழைய ஹார்ட் டிஸ்க்ல டெலீட் பட்டன் பத்தாது, மேல எழுதி அழிக்கற மென்பொருள் வேணும்.
- வச்சே ஆகணும்னா சார்ஜைப் பாதியில நிறுத்தி, ஆஃப் பண்ணி, சிலிக்கா ஜெல்லோட டப்பாவுல போடுங்க. கழட்ட முடியற பேட்டரியைக் கழட்டிடுங்க.
- ஒவ்வொரு பெட்டி மேலயும் மூணு வரி எழுதுங்க: உள்ள என்ன இருக்கு, எந்தத் தேதி வரைக்கும், அதுக்கு அப்புறம் யாருக்கு.
- அந்த ‘யாருக்கு’ங்கற ஆளோட போன் நம்பரை ஸ்டோரேஜ்காரர்கிட்டயும் கொடுங்க. அவங்க கைக்குச் சாமான் போக நீங்க சம்மதம்னு எழுத்துல கொடுத்துடுங்க.

கடைசி ரெண்டுக்கும் காசே ஆகாது. ஆனா ஒரு லேப்டாப் தெய்ன் பின்னுக்குப் போகுதா, இல்ல ஒரு காலேஜ் பொண்ணு மடிக்குப் போகுதாங்கறதை அந்த மூணு வரிதான் முடிவு பண்ணும்.

நேயருக்கு நேரடியா என் பதில்: மேஜையும் பாத்திரமும் புத்தகமும் தாராளமா உள்ள போகட்டும். லேப்டாப் ரெண்டுல ஒண்ணைக் கூட எடுத்துட்டுப் போங்க, இன்னொண்ணை இந்த வாரமே யாருக்காவது கொடுங்க. பேட்டரியை விசாரிச்ச கடையில ஒப்படைங்க. எட்டுப் பெட்டி அஞ்சா குறைஞ்சா சின்ன ரூம் போதும், வாடகையும் குறையும்.

அடுத்த எபிசோட்ல டீஹியூமிடிஃபையர் எப்படி வேலை செய்யுதுன்னு பிரிச்சுப் போட்டுப் பார்க்கப் போறோம். உங்க வீட்டு இழுப்பறையில தூங்கற போன்களை எண்ணி, எத்தனைன்னு இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்க. அம்மா வச்சிருக்கற பழைய நோக்கியாவும் கணக்குல சேரும்!